நல்லா இருக்கிற ரோட்டுக்கு எதுக்குச் செலவு?

பள்ளத்தைக் கண்டுபிடிக்க லேசர் தேவையில்லை. விடியற்காலையில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு எக்ஸ்.எல். வண்டியில் போகிறவரைக் கேட்டால், எந்த வளைவில் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது, எந்தப் பக்கம் ஒடித்தால் தப்பலாம் என்பது வரை சொல்லிவிடுவார். வழிக்குப் புதியவருக்குத்தான் ஆபத்து. 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலைப் பள்ளங்களால் நேர்ந்த விபத்துகளில் 1,856 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது.

பள்ளம் விழுந்த பிறகு அதைப் பார்த்து எழுதிக்கொள்ள யாராலும் முடியும். அது விழுவதற்கு இரண்டு மழைக்காலம் முன்பே, சாலை கறுப்பாக, வழவழப்பாக, குறைசொல்ல இடமில்லாமல் இருக்கும்போதே, எந்தக் கிலோமீட்டரில் எந்தச் சக்கரத் தடத்தில் விழப்போகிறது என்று சொல்ல முடியுமா? முடியும். அதைச் சொல்லக்கூடிய வண்டிகள் நம் நெடுஞ்சாலைகளில் ஓடத் தொடங்கிவிட்டன. லேசர் கருவிகளும் கேமராக்களும் பொருத்திய இவற்றுக்கு ‘நெட்வொர்க் சர்வே வெஹிக்கிள்’ என்று பெயர், துறைக்குள் என்.எஸ்.வி. என்றால்தான் தெரியும். சாலையின் நிலையை அளக்க இந்த வண்டியையே பயன்படுத்த வேண்டும் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2020-இல் கட்டாயமாக்கியது. 2025 நவம்பரில், 23 மாநிலங்களில் 20,933 கிலோமீட்டர் சாலையை இப்படி ஸ்கேன் செய்யப்போவதாக அறிவித்தது. வேலை தொடங்குமுன் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது ஏற்பாடு.

இந்த வண்டிகள் கொண்டுவரும் தகவலில் எது விலைமதிப்புள்ளது என்று கேட்டால், பார்வைக்கு நன்றாக இருக்கும் சாலைகளைப் பற்றி அவை சொல்வதுதான் என்பேன். நம் நிர்வாகத்துக்கு ஜீரணிக்கச் சிரமமானதும் அதுதான்.

தண்ணீர் செய்யும் வேலை

தார்ச்சாலையைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். வெயிலில் காய்ந்து காய்ந்து தார் தன் இளக்கத்தை இழக்கிறது. லாரி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் தளம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. லட்சக்கணக்கான முறை இப்படி வளைந்தபின் சக்கரம் ஓடும் தடத்தில் ஒரு விரிசல் விடுகிறது, ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில். நின்று பார்த்தாலும் வெயில் நேரத்தில் தெரியாது. மழை ஓய்ந்து சாலை காய்ந்துகொண்டிருக்கும் அந்த அரைமணி நேரத்தில் பாருங்கள்: மற்ற இடமெல்லாம் உலர்ந்து வெளிறியிருக்க, விரிசல் மட்டும் ஈரக்கோடாகக் கறுத்து நிற்கும். அனுபவமுள்ள பொறியாளர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் நடந்து போய்ப் பார்ப்பார்கள்.

விரிசல் வழியே இறங்கிய தண்ணீர் அடியிலுள்ள ஜல்லிப் படுகையில் தேங்குகிறது. மேலே லாரிச் சக்கரம் அழுத்தும்போது அது வெளியேறப் பார்க்கிறது; போகும்போது ஜல்லிக்கு இடையிலிருக்கும் நுண்மணலையும் களிமண்ணையும் கரைத்து எடுத்துக்கொண்டு மேலே வருகிறது. விரிசலை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் சேறு பூசியதுபோல ஒரு கறை தெரிந்தால் அடித்தளம் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடியில் வெற்றிடம் விழ, விரிசலிலிருந்து கிளை விரிசல்கள் பிரிந்து முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாகப் பிளக்கிறது. பொறியாளர்கள் இதை ‘அலிகேட்டர் கிராக்’ என்பார்கள். அந்தக் கட்டங்களில் ஒன்று பெயர்ந்து வந்ததும் நாம் பள்ளம் என்கிறோம். நமக்கு அது தொடக்கமாகத் தெரிகிறது. சாலைக்கு அது நீண்ட நோயின் கடைசிக் கட்டம்.

முதல் விரிசலிலேயே பிடித்துவிட்டால் வேலை சின்னது. சூடான சீலன்ட் ஊற்றி அடைக்கலாம். தளம் முழுக்கக் காய்ந்திருந்தால் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில் ‘மைக்ரோ சர்ஃபேசிங்’ செய்யலாம். முதலைத் தோல் விழுந்த பிறகு அதெல்லாம் எடுபடாது. தோண்டி அடித்தளத்திலிருந்து போட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் தேசிய சாலை முகமை போட்ட கணக்கு உலகெங்கும் சாலைத் துறையினர் எடுத்துக்காட்டுவது: பராமரிக்காமல் மூன்று ஆண்டு விட்டால் செலவு ஆறு மடங்கு, ஐந்து ஆண்டு விட்டால் பதினெட்டு மடங்கு.

வண்டிக்குள் என்ன நடக்கிறது?

வெளியிலிருந்து பார்த்தால் பின்பக்கம் ஒரு சட்டம் நீட்டிக்கொண்டிருக்கும் வேன், அவ்வளவுதான். அந்தச் சட்டத்தின் இரு முனைகளிலும் சாலையைக் குனிந்து பார்த்தபடி இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர், சாலையின் குறுக்கே மெல்லிய கோடாக விழுகிறது. நேர்மேலிருந்து விழும் அந்தக் கோட்டை, சற்றுச் சாய்வாக வைத்த கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. தளம் சமமாக இருந்தால் கோடு நேராக இருக்கும். விரிசல் இருக்கும் இடத்தில் கோடு சட்டென்று கீழே மடங்கும். சக்கரத் தடம் அமுங்கியிருந்தால் மெதுவாகத் தொய்யும். எவ்வளவு மடங்கியது என்பதிலிருந்து ஆழம் கணக்காகிறது.

கனடாவின் கியூபெக் நகரில் உருவாகி இன்று பல நாடுகளில் ஓடும் கருவி இந்த முறையில்தான் வேலை செய்கிறது. இரண்டு பெட்டிகளும் சேர்ந்து ஒரு தடத்தின் நான்கு மீட்டர் அகலத்தை நாலாயிரத்துச் சொச்சம் புள்ளிகளாக அளக்கின்றன. ஏறக்குறைய மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. அதன் ஆரம்பகால வடிவமே நொடிக்கு 5,600 முறை அளந்தது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 28 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்து மில்லிமீட்டருக்கு ஒருமுறை சாலையின் குறுக்குவெட்டு பதிவாகிறது. போட்டோவை மட்டும் நம்பிய பழைய முறைகளுக்கு மரநிழலும் டயர்க் கறையும் எண்ணெய்த் திட்டும் விரிசலாகத் தெரிந்து தொல்லை கொடுக்கும். லேசர் அளப்பது ஆழத்தை என்பதால் நிழல் அதை ஏமாற்றாது. இரவிலும் ஓடலாம்.

வண்டிக் கூரையில் சுழலும் லைடார் வேறு வேலைக்கு. லேசர் துடிப்பை அனுப்பி, பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணிக்கும் கருவி அது. நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி 30 சென்டிமீட்டர் ஓடிவிடும். அந்த நுணுக்கத்தில் நேரத்தை அளந்தால்தான் கணக்கு சரிவரும். சாலையோரத் தடுப்பு, கல்வெர்ட், அறிவிப்புப் பலகை, மின்கம்பம், மரக்கிளை, மேம்பாலத்தின் அடிவயிறு என்று நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேலான புள்ளிகளாகச் சுற்றுப்புறத்தை அள்ளுகிறது.

ஆனால் அளவைவிட முக்கியம், அது எந்த இடத்து அளவு என்பது. ஆறு மாதத்துக்கு முன் இரண்டு மில்லிமீட்டராக இருந்த விரிசல் இன்று நான்கு ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், இரண்டு ஸ்கேனும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் பொருந்த வேண்டும். சாதாரண ஜி.பி.எஸ். சில மீட்டர்கள் தள்ளிக்காட்டும், அதனால் அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளும் டி.ஜி.பி.எஸ். வைக்கிறார்கள். மேம்பாலத்தின் கீழே, கணவாயில், செயற்கைக்கோள் சிக்னல் அறுந்துவிடும். அந்த இடைவெளியை, வண்டியின் ஒவ்வொரு சாய்வையும் குலுக்கலையும் உணரும் ஐ.எம்.யூ. கருவியும், சக்கரத்தில் மாட்டிய தூர அளவியும் சேர்ந்து நிரப்புகின்றன.

சக்கரத்திலிருந்து லேசருக்கு

சாலையின் மேடுபள்ளத்தை அளக்க நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது ‘பம்ப் இன்டிகிரேட்டர்’. ஜீப்புக்குப் பின்னால் ஒற்றைச் சக்கரத்தில் ஒரு வண்டியைக் கட்டி, மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் சீராக இழுத்துப் போக வேண்டும். சக்கரம் எவ்வளவு எகிறியது என்பதைக் கருவி கூட்டிக்கொண்டே வரும்; ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று விடை. ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் வரும் ஆம்னி பஸ்களுக்கு நடுவே நான்குவழிச் சாலையில் 32-ஐப் பிடித்துக்கொண்டு போவது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சக்கரத் தடத்தின் ஆழத்துக்கு மூன்று மீட்டர் நீளச் சட்டத்தைக் குறுக்கே வைத்து, அடியில் ஆப்பு செருகிப் பார்த்தார்கள். சாலையின் சொரசொரப்புக்கு, அளந்த மணலைக் கொட்டி வட்டமாகப் பரப்பி விட்டத்தை அளந்தார்கள். விரிசலுக்கு நடந்துபோய்க் கண்மதிப்பு. ஒருவர் பத்து சதவீதம் என்பார், இன்னொருவர் இருபது என்பார். இருவரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம்.

மாற்றத்துக்கான யோசனை 1960-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. வண்டியின் உடல் மேலும் கீழும் எவ்வளவு ஆடுகிறது என்பதை ஒரு முடுக்கமானி சொல்லும். உடலுக்கும் சாலைக்கும் இடையிலான தூரத்தை இன்னொரு கருவி சொல்லும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், வண்டியின் குலுக்கல் போய்ச் சாலையின் உண்மையான வடிவம் மட்டும் மிஞ்சும். அன்று அந்தத் தூரத்தை அளக்கச் சாலையில் உருளும் சிறு சக்கரம் இருந்தது. அந்தச் சக்கரத்தின் இடத்தில் பின்னாளில் லேசர் வந்து உட்கார்ந்தது.

அளந்தால் போதுமா, எல்லோரும் ஒரே கோலால் அளக்க வேண்டாமா? 1982-இல் உலக வங்கி பிரேசில் தலைநகர் பிரசிலியாவில் பல நாட்டுக் கருவிகளையும் கொண்டுவந்து ஒரே சாலைகளில் ஓடவிட்டுப் பார்த்தது. அதிலிருந்து பிறந்த ஐ.ஆர்.ஐ. என்ற குறியீடுதான் இன்று உலகெங்கும் சாலைச் சீர்மையின் அளவுகோல். நம் பழைய பம்ப் இன்டிகிரேட்டர் கணக்கில் கிலோமீட்டருக்கு 2,000 மில்லிமீட்டர் என்றால், ஐ.ஆர்.ஐ.யில் சுமார் 2.8.

லைடாரைச் சாலைக்குக் கொண்டுவந்த தொடக்கக் கதைகளில் ஒன்று ஆப்கானிஸ்தானில் நடந்தது. காபூல் – காந்தகார் நெடுஞ்சாலையைப் புதுப்பிக்க அளவெடுக்க வேண்டும். போர்ச்சூழலில் ஹெலிகாப்டர் பறப்பது ஆபத்து. ஹெலிகாப்டருக்கென்று செய்த லேசர் கருவியை எடுத்து ஒரு வண்டியின்மேல் கட்டி ஓட்டிப் போனார்கள்.

நம் சாலை, நம் சிக்கல்

வெளிநாட்டில் செய்த கருவி நம் ஊர்ச் சாலையில் இறங்கும்போது அதற்கே பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கமோ விருதுநகர்ப் பக்கமோ மாவட்டச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் போய்ப் பாருங்கள். சாலையின் பாதியில் கேழ்வரகோ கொள்ளோ கதிரோடு பரப்பியிருக்கும். வண்டிகள் ஏறிப்போனால் போரடிக்கும் வேலையும் மிச்சம். லேசருக்கு அது தானியம் என்று தெரியாது. ஊருக்கு ஊர் ஒரு வேகத்தடை, அதிலும் பல எந்த அளவுக்கும் அடங்காதவை. அவற்றையும் சாலையின் குறையாகவே அது எண்ணும். அதனால் வண்டிக்குள் ஒருவர் கீபோர்டோடு உட்கார்ந்து, இது வேகத்தடை, இங்கே மாற்றுப்பாதை, இங்கே மாட்டுக்காக ஒதுங்கினோம் என்று தட்டிக்கொண்டே வர வேண்டும். அந்த ஆள் அசந்தால் அறிக்கை அசந்துவிடும். ஓரத்தில் சேர்ந்த மண் விரிசலை நிரப்பி மறைத்துவிடுவதும் உண்டு.

மழையும் அப்படித்தான். ஈரத் தளத்தில் லேசர் சிதறும். தேங்கிய தண்ணீர் இருந்தால் அடியில் என்ன என்று தெரியாது. தமிழ்நாட்டில் சாலை பெரும்பாலும் சேதமாவது வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆகவே ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை’ என்பதை எந்த மாதத்தில் என்று இங்கே குறிப்பாகத் தீர்மானிக்க வேண்டும். ஜூன், ஜூலையில் ஒரு ஸ்கேன் எடுத்தால் செப்டம்பருக்குள் விரிசல்களை அடைக்க அவகாசம் இருக்கும். ஜனவரியில் இன்னொன்று எடுத்தால் மழை என்ன செய்தது என்று தெரியும். நவம்பரில் போய் அளப்பது யாருக்கும் உதவாது.

இதைவிடப் பெரிய எல்லை ஒன்று உண்டு. மேலே விழும் லேசருக்கு மேல்தளம்தான் தெரியும். அடியில் வலு இருக்கிறதா என்று பார்க்க, பாரத்தை ஓங்கிப் போட்டுத் தளம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் எஃப்.டபிள்யூ.டி. கருவியை இடத்துக்கு இடம் நிறுத்தி நிறுத்திப் பயன்படுத்துகிறார்கள். டென்மார்க்கில் உருவான ஒரு லாரி அதையும் ஓடிக்கொண்டே செய்கிறது. பத்து டன் அச்சுப் பாரத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது, சக்கரத்தை ஒட்டிச் சாலை எந்த வேகத்தில் அமுங்குகிறது என்பதை டாப்ளர் லேசர்கள் கணிக்கின்றன. ஆஸ்திரேலியாவில் அதைக் கொண்டு நெடுந்தூரச் சாலைகளை அளக்கிறார்கள்.

அடித்தள வலுவைப் பற்றி நாம் கவலைப்படக் காரணம் இருக்கிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், இதற்கென்றே போட்ட வளையச் சாலைகளில் ராணுவ வீரர்கள் இரவும் பகலும் லாரி ஓட்டிய பெரும் சோதனை ஒன்று நடந்தது. அதிலிருந்து கிடைத்த விதி: அச்சுப் பாரம் கூடினால் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடும். பாரம் இரட்டிப்பானால் சேதம் பதினாறு மடங்கு. 2018 ஜூலையில் மத்திய அரசு, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னுக்கு உயர்த்தியது. பார்க்கச் சின்ன உயர்வு. நான்காம் அடுக்கில் போட்டால் ஒரு நடைக்கு 1.6 மடங்கு சேதம். பழைய வரம்பை வைத்துக் கட்டிய சாலைகள் இந்தப் பாரத்தை எப்படித் தாங்குகின்றன என்று அடிக்கடி அளந்து பார்க்காமல் விடுவது சரியில்லை.

வாசற்படியும் ஓர் அளவுதான்

தமிழ்நாட்டு நகரவாசிகளுக்குச் சாலையால் வரும் கோபங்களில் ஒன்று வேறு மாதிரியானது. சாலை மேல் சாலையாகப் போட்டுப் போட்டு, இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறார்கள். மழை வந்தால் தெருத் தண்ணீர் ஹாலுக்குள். 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தளம் போட வேண்டும், சாலை மட்டம் உயரக்கூடாது என்று துறைகளுக்கு அறிவுறுத்தினார். மில்லிங் இயந்திரம் இன்று பல தெருக்களில் வருகிறது. எவ்வளவு சுரண்டினார்கள், திருப்பி எவ்வளவு போட்டார்கள் என்பதில்தான் ஒவ்வொரு தெருவிலும் சண்டை.

கூரையில் லைடார் வைத்த வண்டி வேலைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அந்தத் தெருவில் போய் வந்தால் போதும். நடுச்சாலை மட்டம், மழைநீர் வடிகாலின் விளிம்பு, வாசற்படி எல்லாம் ஒரே ஸ்கேனில் பதிந்திருக்கும். எத்தனை சென்டிமீட்டர் கூடியது, குறைந்தது என்று கழித்துப் பார்த்துவிடலாம். கான்ட்ராக்டர் மேல் பழி போடவும் வேண்டாம், அவர் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு வந்த வசதி, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும் தெருக்களுக்கு எப்போது வரும்?

இனி ஆரம்பத்தில் சொன்ன சிரமத்துக்கு வருகிறேன். ஒரு டிவிஷனல் இன்ஜினீயரின் மேசையில் லேசர் அறிக்கை வருகிறது என்று வையுங்கள். ஒரு சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, மறியல் நடந்திருக்கிறது, எம்.எல்.ஏ. போன் செய்திருக்கிறார். இன்னொரு சாலை பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் இடது சக்கரத் தடத்தில் பதினைந்து கிலோமீட்டருக்கு நூல்விரிசல் ஓடுகிறது என்று அறிக்கை சொல்கிறது. கையிருப்புப் பணம் ஒன்றுக்குத்தான் போதும். அவர் எதற்குச் செலவிடுவார்? இரண்டாவதற்குச் செலவிட்டால், ‘நல்லா இருக்கிற ரோட்டுக்கு எதுக்குச் செலவு?’ என்று ஊர் கேட்கும், தணிக்கை கேட்கும். முதல் சாலைக்குக் கொட்டினால், அடுத்த மழைக்குள் இரண்டாவதும் அதன் கதிக்கு வந்து நிற்கும். இப்படித்தான் சாலைகள் வரிசையாகப் பள்ளத்துக்குப் போகின்றன, பணம் எப்போதும் ஒரு மழைக்காலம் பின்தங்கியே ஓடுகிறது.

இதிலிருந்து வெளியே வர ஒரே வழி, தடுப்புப் பராமரிப்புக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கி, பள்ளம் மூடும் பணத்தோடு கலக்காமல் வைப்பது. சாலையை ஐந்து ஆண்டுக்கு இன்ன நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று மொத்தமாகக் கான்ட்ராக்ட் விடும் முறையைத் தமிழக நெடுஞ்சாலைத் துறை பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கிச் சில இடங்களில் நடத்திப் பார்த்திருக்கிறது. எத்தனை லோடு தார் கொட்டினார் என்று பார்க்காமல் சாலை எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பணம் தரும் இந்த முறைக்கு, இரு தரப்பும் மறுக்க முடியாத அளவு வேண்டும். லேசர் வண்டி அதைத் தருகிறது.

அந்த அளவு யார் கண்ணிலும் படாமல் சர்வரில் தூங்கினால் பயனில்லை. இங்கிலாந்தில் பெருஞ்சாலைகளை 2000-ஆம் ஆண்டு முதல் லேசர் வண்டிகள் தவறாமல் அளந்து வருகின்றன. உள்ளாட்சிச் சாலைகளின் நிலையையும் போக்குவரத்துத் துறை ஆண்டுதோறும் ஊர்வாரியாக வெளியிடுகிறது. 2025-இல் இன்னும் ஒரு படி போய், சாலைப் பராமரிப்பு பற்றிய அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்காத உள்ளாட்சிகளுக்குக் கூடுதல் நிதியில் ஒரு பகுதி கிடைக்காது என்று அரசு சொல்லிவிட்டது.

நம் நெடுஞ்சாலை ஆணையத்தின் ஸ்கேன் விவரங்கள் ‘டேட்டா லேக்’ என்ற அதன் இணைய தளத்துக்குப் போகின்றன. அங்கே வல்லுநர்கள் பார்க்கிறார்கள். சுங்கச்சாவடியில் பணம் கட்டுகிறவருக்கும் அதில் பங்கு உண்டு. 2025 அக்டோபரில் ஆணையம் நெடுஞ்சாலை ஓரங்களில் கியூ.ஆர். கோடு பலகைகள் வைக்கப்போவதாக அறிவித்தது. போனைக் காட்டினால் சாலையின் எண், திட்டத்தின் நீளம், கட்டுமான – பராமரிப்புக் காலம், பொறுப்பாளர்களின் தொலைபேசி, 1033 உதவி எண் எல்லாம் வரும். அதே பலகையில் இன்னும் மூன்று வரி சேர்க்கலாம்: இந்தக் கிலோமீட்டர் கடைசியாக அளக்கப்பட்ட தேதி; அன்றைய ஐ.ஆர்.ஐ., விரிசல், சக்கரத் தட ஆழம்; கண்டுபிடித்த குறையைச் சரிசெய்ய வேண்டிய கெடு. புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை, விவரம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைச் செய்ய ஓர் ஆணை போதும்.